கூண்டு சுறாவைத் தடுக்கும்... காதைக் காக்குமா?

மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் என் வைத்தியசாலைக்கு, சேலையூரிலிருந்து ஓர் அம்மா மகனை இழுத்துக்கொண்டு வந்தார்.

“ஐயா, இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. ஆபீஸ் வேலையா தென்னாப்பிரிக்கா போறான். அங்க லீவு நாள்ல கூண்டுக்குள்ள இறங்கி சுறாவைப் பார்க்கப் போறானாம்!”

பையன் சிரித்தான். “இரும்புக் கூண்டு ஐயா. சுறா உள்ள வராது.”

அவன் சொன்னது சரிதான். ஆனால் மூக்கால் அல்லவா பேசினான்! இரண்டு வாரமாகச் சளி, மூக்கடைப்பு. “தம்பி, சுறாவை விடு. முதல்ல உன் மூக்கைக் காட்டு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

கடல்கட்டி தெரியுமா?

1963-ல் ஆஸ்திரேலியாவில் பெரிய வெள்ளைச் சுறாவிடம் கடிபட்டுப் பிழைத்தவர் ராட்னி ஃபாக்ஸ். சுறாவை அருகில் பார்க்கக் கூண்டு அமைத்த முன்னோடியும் அவர்தான். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கூண்டே இல்லாமல் சுறாக்களுக்கு நடுவே இறங்கினார்கள். அவர்களுக்குத் துணை ‘கடல்கட்டி’. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் என்று நம்பிக்கை. 13-ம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, இவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்ததாக எழுதியிருக்கிறார்.

மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, இறங்குகிறவர் பயத்தைக் கட்டியது. பயம் அடங்கினால் படபடப்பு குறையும். மூச்சும் சீக்கிரம் தீராது. இன்று கூண்டு செய்வதும் அதே வேலையைத்தான். ஆனால் மந்திரத்தாலும் கூண்டாலும் தடுக்க முடியாத ஒன்று உண்டு. அது தண்ணீரின் அழுத்தம்!

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தபோது தூத்துக்குடிப் பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். 1961-ல் அங்கே கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் இறங்கியவர். உடம்பில் சுறா கடித்த தழும்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் காதருகே கத்திப் பேசினால்தான் கேட்கும்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

செவிப்பறைக்கு உள்ளே காற்று இருக்கிறது. அங்கிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழல் வருகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகும். ஓர் ஆள் ஆழத்திலேயே காது கனக்கத் தொடங்கிவிடும். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மென்மையாக ஊதினால் அந்தக் குழல் வழியே காற்று போய்ச் சரிசெய்யும். சளி அடைத்திருந்தால்? காற்று போகாது. செவிப்பறை உள்வாங்கும், வலிக்கும், கிழியவும் கூடும்.

மூச்சை அடக்கலாமா?

சித்த மருத்துவம் அடக்கக் கூடாது என்று சொல்லும் 14 வேகங்களில் சுவாசமும் ஒன்று. இன்றைய மருத்துவமும் இதில் ஒத்துப்போகிறது. முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால், மூச்சு விடவேண்டும் என்ற உந்துதல் தாமதமாகும். அதற்குள் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரும். நீச்சல் குளத்திலும் இதே ஆபத்துதான். பிள்ளைகளை ‘யார் அதிக நேரம் தம் பிடிப்பது’ என்று போட்டி போட விடாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

* சளி, பீனிசம், காதில் சீழ் இருந்தால் இறங்கவே வேண்டாம். மூக்கைத் திறக்கும் மருந்து போட்டுக்கொண்டும் இறங்காதீர்கள். அதன் வேகம் பாதியில் குறைந்தால், மேலே வரும்போது அடைத்துக்கொள்ளும்.

* ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் போகக் கூடாது.

* முங்கிய பிறகு காதுவலி, ரத்தக் கசிவு, தலைச்சுற்றல் வந்தால் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்! செவிப்பறை கிழிந்திருந்தால் கெடுதல்தான். காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் போங்கள்.

* அந்தமானுக்குப் போய், சிலிண்டர் மாட்டி ஸ்கூபா இறங்குகிறவர்கள் மறுநாளே மீனம்பாக்கத்துக்கு விமானம் ஏற அவசரப்படாதீர்கள். ஒரு நாள் முழுக்க இடைவெளி விடுங்கள். உடம்பில் கரைந்த நைட்ரஜன், குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கலாம். அப்படி மூட்டுவலி, மரமரப்பு வந்தால் ‘வாதம்’ என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

* படகு ஆட்டத்துக்குக் குமட்டல் வரும். அரை மணி முன்பே சுக்குப்பொடி கொஞ்சம் தேனில் குழைத்துச் சாப்பிட்டால் பலருக்கு அடங்கும்.

பையன் சமர்த்து. ஒரு வாரம் நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தான். மூக்கு திறந்தது. காது நிபுணரிடமும் காட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

திரும்பி வந்ததும் அம்மாவோடு வந்து நின்றான். “காது எப்படி தம்பி?” என்றேன்.

“காது நல்லா இருக்கு ஐயா. சுறாவும் ஒண்ணும் பண்ணலை. ஆனா படகுல நாலு தரம் வாந்தி!”

“சுக்கு?”

“சூட்கேஸ்லயே மறந்துட்டேன் ஐயா...”