சிறுவர்க்கு உதைபந்தாட்டப் பயிற்சியை வகுத்தல்

பாடம் நடத்தப் புகும் ஆசிரியர் பாடக்குறிப்பின்றி வகுப்பறைக்குட் செல்லார். விளையாட்டு மைதானத்துக்கு மட்டும் ஒரு பந்தும் ஒரு விசிலும் போதுமென்னும் எண்ணம் நம்மிடையே இன்றும் உளது. இதனால் இழப்படைவோர் ஆட்டத்திறன் குறைந்த சிறுவர்களே.

சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மாணவர் 24 பேர்; பந்து ஒன்று; ஆட்டம் 60 நிமிடம். பந்து ஒரு கணமேனும் ஓயாது எல்லோர்க்கும் சமமாகப் பங்கிடப்பட்டாலும், ஒருவனுக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடமே. உண்மையில் வல்லவர் நால்வரிடமே பந்து சுழல, ஓரத்தில் நிற்பவன் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். கோலுக்கு முன்னே எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராக உதைக்கச் செய்வதும் இத்தகையதே. ஓர் உதைக்கு 15 விநாடி எனக் கொண்டால், ஒருவனது முறை 6 நிமிடத்துக்கு ஒரு தடவையே வரும். அவன் நன்கு பயில்வது வரிசையில் நிற்றலையே!

இனி, அதே மைதானத்தில் மூன்று சிறு களங்களை அமைத்து, களத்துக்கு ஒரு பந்தாக, நால்வர்க்கு நால்வராக ஆடச் செய்க. பங்கு ஏழரை நிமிடமாகிவிடும். அன்றியும், சிறு களத்தில் ஒளிந்து நிற்க இடமில்லை. பந்து வருமுன்னரே சுற்றிலும் பார்த்து முடிவுசெய்யும் பழக்கம் தானே உண்டாகும். நான்கு தடவை உலகக் கிண்ணத்தை வென்ற ஜேர்மனியே 2024ஆம் ஆண்டுப் பருவந்தொட்டு இளஞ்சிறார்க்கு இத்தகைய சிற்றாட்டங்களைக் கட்டாயமாக்கியது.

ஆகவே 90 நிமிடப் பயிற்சியில் இதற்கு 35 நிமிடமேனும் ஒதுக்குதல் தகும். அதற்கு முன் பந்துடனேயே உடலைச் சூடேற்ற 15 நிமிடமும், அன்றைய திறனொன்றைப் பழக 20 நிமிடமும் போதும். எஞ்சிய நேரம் பேராட்டத்துக்கும் இளைப்பாறலுக்கும் உரியது. இடையிடையே தண்ணீர் அருந்தவிட மறத்தலாகாது.

திறன் ஒன்று என்றேன். பந்தை ஏற்று நிறுத்துதலே அன்றைய பாடமாயின், உதையின் குறையைக் கண்டும் காணாதிருக்க வேண்டும். கணந்தோறும் விசிலூதி ஆட்டத்தை நிறுத்தித் திருத்தும் பயிற்சியாளர், மாணவர் சிந்திப்பதற்கு இடங்கொடார்.

வயதும் நோக்கற்பாலது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு 4ஆம் இலக்கப் பந்தே ஏற்றது. பந்தைத் தலையால் முட்டும் பயிற்சியை அவர்க்கு அளிக்காமை நன்று; அமெரிக்க ஐக்கிய நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் 10 வயதுக்கும் அதற்குட்பட்டோர்க்கும் அதனை 2015இல் விலக்கியது.

இம்முறைக்குப் பந்துகள் பல வேண்டும். பழைய மாணவர் கேடயங்கள் வழங்குதல் சிறப்பே. எனினும் பத்துப் பந்துகள் அதனினும் பயன்படும். பயிற்சியாளர்க்கோ ஒரு குறிப்பேடு போதும். அன்று பந்து அதிகம் கிட்டாதவர் யாவரென மாலையிலேயே எழுதிவைத்து, அடுத்த பயிற்சியில் அவர்களைக் களத்தின் நடுவில் ஆடவிடுக.