ஸ்னாப் பேக்கேஜ்: கட்டுவது எளிது, சோதிப்பதுதான் வேலை

நம் கணினியில் ஓடும் நிரல் பக்கத்து மேசையில் ஓடாது என்பது லினக்ஸில் பழைய புலம்பல். அங்கே நூலகத்தின் பதிப்பு வேறாக இருக்கும், அல்லது நூலகமே இருக்காது. நிரலையும் அதற்கு வேண்டியதையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும் வழிகளில் ஒன்று, உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனத்தின் ஸ்னாப். மேசைக்கணினி, சர்வர், ரோபோ எதுவானாலும் கட்டும் முறை ஒன்றுதான். சீரியல் போர்ட் வழியாக மோட்டாரை ஓட்டும் ஒரு பைத்தான் நிரலை வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஸ்னாப்கிராஃப்ட் கருவியை நிறுவி, நிரல் இருக்கும் ஃபோல்டரில் 'இனிட்' கட்டளை கொடுங்கள். ஒரு யாமல் கோப்பு உருவாகும். அதில் முதலில் முடிவு செய்ய வேண்டியது 'பேஸ்'. கோர்22 என்றால் உபுண்டு 22.04, கோர்24 என்றால் 24.04. ரோபோக்காரர்கள் ராஸ் 2 என்ற ரோபோ மென்பொருள் தளத்தின் ஹம்பிள் பதிப்புக்கு முன்னதையும், ஜாஸிக்குப் பின்னதையும் எடுக்க வேண்டும். மாற்றி எடுத்தால் மல்லுக்கட்டுதான்.

அடுத்து, தேவையான பேக்கேஜ்களின் பட்டியல். கட்டும்போது மட்டும் வேண்டியவை 'பில்ட்'டிலும், ஓடும்போது வேண்டியவை 'ஸ்டேஜ்'ஜிலும் போக வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டாலும் பேக்கேஜ் அழகாகக் கட்டப்பட்டுவிடும். ஓட்டும்போதுதான் நூலகம் இல்லை என்று விழும்.

பிறகு அனுமதிகள். 'டெவ்மோட்' நிலை அனுமதி மீறல்களைப் பதிவு செய்யும், தடுக்காது. 'ஸ்ட்ரிக்ட்' தடுத்துவிடும். டெவ்மோட் பேக்கேஜை ஸ்டேபிள் என்ற பொது வெளியீட்டுத் தடத்தில் வெளியிட முடியாது என்பதால் சீக்கிரமே ஸ்ட்ரிக்டுக்கு மாறிவிடுவது நல்லது. நெட்வொர்க் அனுமதி தானாக இணையும். கேமராவையும் சீரியல் போர்ட்டையும் நாமே இணைக்க வேண்டும். சாதாரண உபுண்டுவில் ஹாட்பிளக் வசதியை இயக்கினால்தான் யுஎஸ்பியில் செருகிய சீரியல் சாதனம் ஸ்னாப்பின் கண்ணில் படும். இது தெரியாமல் நிரலைக் குறை சொல்பவர்கள் நிறைய.

கட்டி முடித்ததும் உங்கள் மடிக்கணினியில் சோதிக்காதீர்கள். அதில் ஏற்கெனவே எல்லாம் நிறுவியிருக்கும். மல்டிபாஸில் புத்தம்புது மெய்நிகர் கணினி ஒன்றைத் தொடங்கி அங்கே நிறுவுங்கள். ஸ்னாப்களை வினியோகிக்கும் ஸ்டோரின் கையொப்பம் இல்லாத கோப்பு என்பதால் 'டேஞ்சரஸ்' என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். ஏதாவது தடைபட்டால் ஸ்னாப்பி-டீபக் கருவி எந்த அனுமதி குறைகிறது என்று காட்டும்.

மேசைக்கணினியில் ஐகான் வருகிறதா, கோப்பு திறக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். சர்வரில் நிரலைப் பின்னணியில் இயங்கும் டீமனாக ஓடவிட்டு, புரோசஸைக் கொன்று பாருங்கள். தானாக எழுந்திருக்க வேண்டும். இயந்திரத்தை ரீபூட் செய்தும் பாருங்கள். ரோபோவில் இருப்பது பெரும்பாலும் ஆர்ம் சிப் என்பதால் அதற்கான பேக்கேஜைத் தனியே கட்டி, அந்த போர்டிலேயே ஓட்ட வேண்டும். இன்னொன்று: புதுப்பிப்பு வந்தால் டீமன் மறுதொடக்கம் ஆகும். ரோபோவின் கை அசைந்துகொண்டிருக்கும் நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும்? அதனால் புதுப்பிப்பை 'ஹோல்ட்' கொடுத்து நிறுத்தி வையுங்கள், அல்லது ரோபோ சும்மா நிற்கும் நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை, பலர் செய்யாத சோதனை, பழைய பதிப்புக்குத் திரும்புவது. ஸ்னாப்பின் தரவு இரண்டு இடங்களில் இருக்கும். பதிப்புக்கு ஒன்றாக இருக்கும் ஃபோல்டர் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் நகலெடுக்கப்படும். 'காமன்' ஃபோல்டர் எல்லாப் பதிப்புக்கும் பொது. புதிய பதிப்பு காமனில் உள்ள தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றிவிட்டால், திரும்பி வரும் பழைய பதிப்பால் அதைப் படிக்க முடியாது. ஆகவே தரவுத்தளத்தையும் அமைப்புக் கோப்புகளையும் பதிப்பு ஃபோல்டரில் வையுங்கள். பெரிய பதிவுகளையும் படங்களையும் காமனில் வையுங்கள். பழையதை நிறுவி, கொஞ்சம் தரவு சேர்த்து, அதன் மேல் புதியதை நிறுவி, 'ரிவர்ட்' கொடுங்கள். மோட்டார் பழையபடி ஓடினால் வெளியிடலாம்.

வெளியீடு எட்ஜ், பீட்டா, கேண்டிடேட், ஸ்டேபிள் என்று படிப்படியாகப் போகும். ஒவ்வொரு படிக்கும் மறுபடி கட்டாதீர்கள்; சோதித்த அதே ரிவிஷனையே நகர்த்துங்கள். பயனரின் கணினி இயல்பாக நாளுக்கு 4 முறை புதுப்பிப்பைத் தேடும், எனவே ஸ்டேபிளில் விழுந்த பிழை அன்றைக்கே ஊர் சுற்றிவிடும். சாதாரண உபுண்டு 2 ரிவிஷன்களைத்தான் வைத்திருக்கும். அடுத்தடுத்து இரண்டு மோசமான புதுப்பிப்புகள் வந்தால் நல்லது அழிந்துவிடும். கைக்கு எட்டாத இடத்தில் ஓடும் ரோபோவில் அந்த எண்ணிக்கையைக் கூட்டி வையுங்கள். 20 வரை வைக்கலாம்.