குறிப்பில்லா வழங்கிக்கு ஒரு மாற்று

பிற கணிப்பொறிகள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் நிரலுக்கு வழங்கி என்று பெயர். அதன் மூலநிரலை எவரும் காணவும் மாற்றவும் பகிரவும் உரிமம் இடம் தந்தால் அது திறமூல நிரலாகும். ஆயினும் திறந்து கிடப்பது வேறு, விளங்குவது வேறு. பூட்டில்லாத வீட்டில் விளக்கும் இல்லையெனில், உள்ளே புகுந்தவன் சுவரைத் தடவித்தான் நடக்க வேண்டும்.

கொல்கத்தாவில் நான் பயிலும் ஆய்வுக்கூடத்தில் அளவீடுகளைச் சேமித்துத் தரும் வழங்கி அத்தகையது. அதை அறிந்திருந்த மாணவர் படிப்பு முடிந்து சென்றுவிட்டார். குறிப்பு ஒன்றும் இல்லை. அது எழுதப்பட்ட பைத்தான் 2 மொழிக்கோ 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்துவிட்டது. ஆகவே நண்பர் இருவரும் நானும் மாற்று ஒன்றை அமைத்து வருகிறோம்.

இதற்குச் சிறந்த முன்மாதிரி சாம்பா என்னும் நிரல். 1991 இறுதியில் ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் ஆய்வு மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், ஒரு கோப்பு வழங்கிக்கு மாற்று எழுதப் புகுந்தார். அவருக்குக் குறிப்பும் இல்லை, மூலநிரலும் இல்லை. கம்பியில் செல்லும் கேள்வியையும் விடையையும் பிடித்துப் பார்த்தே விதிகளை உய்த்துணர்ந்தார். மொழியறியா நாட்டின் உணவு விடுதியில் அமர்ந்து, பிறர் கேட்பதையும் பரிமாறுபவர் கொணர்வதையும் கவனித்து மொழி கற்பதற்கு அவர் இதனை ஒப்பிட்டார். இங்கு வந்த தமிழர் பலர் வங்கமொழி கற்றதும் இவ்வழியே அன்றோ! முதற் பதிப்பு 1992இல் வெளிவந்தது. அந்நெறிமுறை பற்றிய மைக்ரோசாஃப்ட்டின் குறிப்புகளைப் பெறச் சாம்பா குழுவினர்க்கு வழி பிறந்ததோ, ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், 2007 டிசம்பரில்தான்.

நாங்கள் கையாளும் முறை மூன்று படிகளை உடையது. முதலாவது, பழைய வழங்கியை நிறுத்தாமல், அதற்கு வரும் கேள்விகளையும் அது தரும் விடைகளையும் பதிவு செய்தல். இரண்டாவது, ஒவ்வொரு கேள்விக்கும் உரிய விதியை எளிய வாக்கியத்தில் எழுதிய பின்னரே நிரல் எழுதுதல். மூன்றாவது, ஒரே கேள்வியை இரு வழங்கிகளுக்கும் விடுத்து விடைகளை ஒப்பிடுதல். பிழையான கேள்விகளையும் விடுத்தல் வேண்டும். இல்லாத நாளின் அளவீட்டைக் கேட்டால் பழைய வழங்கி வெற்று விடை தருகிறதா, பிழை என்கிறதா? இத்தகைய வழக்கங்களை நம்பியே பிற நிரல்கள் இயங்குகின்றன. மாற்று வழங்கி பெரும்பாலும் இடறுவதும் இங்கேதான்.

இம்மூன்றனுள் இரண்டாவதே தலையாயது. நாங்கள் மூவரும் விரைவில் படிப்பு முடிந்து பிரிவோம். விதிகள் எங்கள் நினைவில் மட்டும் இருந்தால், நாங்கள் அமைத்ததும் பின்வருவோர்க்கு விளங்காத நிரலாகிவிடும். ஆகவே எழுதப்படாத விதிக்கு நிரல் எழுதுவதில்லை என உறுதி கொண்டுள்ளோம். ஆய்வுக்கூடங்களில் பணியாற்றும் நம் சங்கத்து நண்பர்களும் இதனைக் கைக்கொள்வார்களாக.