இருட்டானாலும் வாடகையைக் கொடுத்துவிடுங்கள்

ஒகேனக்கல்லில் வீடோ கடையோ வாடகைக்கு எடுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரிப்பேர் என்று வீட்டுக்காரர் மெயினை இறக்கி, சுவரைக் குடைந்து பழைய வயரை உருவிப் போட்டுவிட்டு, "எலக்ட்ரீசியன் நாளைக்கு வந்துடுவார்" என்று நாள் கடத்தினால், அந்த ஆத்திரத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கரன்ட் இல்லாத வீட்டுக்கு எதற்கு வாடகை என்ற கேள்வி நியாயமாகத்தான் படும், அக்கம்பக்கத்தாரும் தலையாட்டுவார்கள். சட்டம் தலையாட்டாது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவில், குடியிருப்பவர் இடையூறில்லாமல் இருக்கலாம் என்று சொல்லும்போதே, வாடகையைச் செலுத்தி வந்தால் என்ற நிபந்தனையையும் சேர்த்தே வைத்திருக்கிறது. வாடகையை நிறுத்தினால் இருட்டில் புழுங்கும் நீங்கள் பாக்கிக்காரர். மெயினை இறக்கியவர் பாதிக்கப்பட்டவர். சில வீட்டுக்காரர்கள் காத்திருப்பதே இதற்குத்தான்.

நிறுத்துவது வேறு, கழிப்பது வேறு. வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட ரிப்பேரை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், நாமே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. அறிவிப்பு என்றால் டீக்கடையில் பார்த்துச் சொன்னது அல்ல; தேதி போட்ட கடிதம், டெலிவரிக்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட். போட்டோ, பில், வங்கி வழியாக வாடகை, இவை தெரிந்ததுதான். கவனிக்க வேண்டியது "கடமைப்பட்ட" என்ற சொல். பத்திரம் எழுதுபவர் அடித்துக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் வயரிங் யார் பொறுப்பு என்று ஒரு வரி இல்லையென்றால் அதைச் சேர்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வரி இல்லாவிட்டாலும், நல்ல வயரைத் தானே பிய்த்துப் போட்டவர் பொறுப்பில்லை என்று சொன்னால் எடுபடாது. அது ரிப்பேர் செய்யாத குற்றம் அல்ல, இடையூறு செய்த குற்றம்.

மெயினை இறக்காமல் வேலை பார்க்க முடியுமா என்பார்கள். முடியாதுதான், ஈரச் சுவரில் உயிரோடு விளையாட யாரும் கேட்கவில்லை. ஆனால் கொத்தனார் சாயங்காலம் கிளம்பிய பிறகும் ஏன் இருட்டு? ஒரு பல்பு, ஒரு ஃபேன், மீன் கடையென்றால் ஒரு ஃப்ரீசர், இவற்றுக்கு, மின்கசிவு வந்தால் தானே நிறுத்தும் ஈ.எல்.சி.பி. வைத்துத் தற்காலிக லைன் இழுக்கலாம். இழுக்காதது செலவுக் கணக்கு, பாதுகாப்பு அல்ல. அடுத்து, மின்சாரத்தை அத்தியாவசியச் சேவையாகச் சொல்லி அதைத் துண்டிக்கக் கூடாது என்கிற, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தைக் காட்டினால், "அதெல்லாம் மெட்ராஸுக்கு, இது பஞ்சாயத்து" என்பார்கள். சண்டை வேண்டாம், 1882-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு டவுன், கிராமம் என்ற பேதம் இல்லை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 43-ஆம் பிரிவும் உரிமையாளர் அல்லது குடியிருப்பவர் கேட்டால் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது என்று 2022 மே மாதம், திலீப் எதிர் சதீஷ் வழக்கில், உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இ.பி. ஆபீஸில் "ஓனரைக் கூட்டிட்டு வாங்க" என்றால் இந்தத் தீர்ப்பின் நகலை நீட்டுங்கள்.

சின்ன ஊர், முகத்தில் முழிக்க வேண்டுமே என்று தயங்குபவர்கள் உண்டு. காவிரியில் வெள்ளம் வந்து பரிசலுக்குத் தடை விழுந்து, கல்லாவில் காசு விழாத மாதத்திலும் வாடகை கேட்க வீட்டுக்காரர்கள் தயங்குவதில்லை. கடிதத்தை மரியாதையாகவே எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள். செலவைக் கழித்துக்கொள்ளும் மாதத்தில், பில் நகலோடு மீதி வாடகை வழக்கமான தேதிக்குள் வீட்டுக்காரர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.