விரத நாளில் என்ன சமைப்பீர்கள்?



ரொறன்ரோவுக்கு வேலைக்கு வந்து சில மாதங்களாகின்றன, சுத்த சைவம் என்பதால் ஸ்காபரோவில் நம்மவர் கடைகளைத் தாண்டியதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நம்மவர் கடைகளில் எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் 2021 குடிக்கணக்கின்படி இந்த நகரவாசிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிற நாடுகளில் பிறந்து இங்கே குடியேறியவர்கள். இத்தனை தேசத்து அடுப்புகள் எரிகிற ஊரில் தோசையும் இடியப்பமுமாகவே காலத்தை ஓட்டுவது நட்டம்.

‘வெஜிடேரியன் உண்டா?’ என்று கேட்டால் பல கடைகளில் இலைதழையும் பொரித்த உருளைக்கிழங்கும்தான் வரும். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். ‘உங்கள் வீட்டில் விரத நாளில் என்ன சமைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். கல்லாவில் இருப்பவரின் முகமே மாறும். வந்தவருக்காக ஒப்பேற்றிய சாப்பாடு போய், அவர்கள் அம்மா சமைத்த சாப்பாடு பேச்சுக்கு வரும்.

முதலில் எத்தியோப்பியர்களிடம் போங்கள். டான்ஃபோர்த் வீதியில் கிரீன்வுட் சந்திப் பக்கம் அவர்களுடைய கடைகள் உண்டு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிகளிலும் ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் நோன்பிலும் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள். வருடத்தில் அத்தனை நாள் மரக்கறியே கதி என்றால் கை தேறாமல் போகுமா? டெஃப் என்ற பொடித் தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு எடுப்பது இஞ்சேரா. நம் ஆப்பத்துக்கும் தோசைக்கும் ஒன்றுவிட்ட சகோதரி. அதைப் பெரிய தட்டில் விரித்து, மேலே பெர்பெரே மிளகாய்த்தூள் போட்ட மைசூர்ப் பருப்பு, கடலைமாவுக் குழம்பான ஷிரோ, கீரை, முட்டைக்கோஸ் என்று குவியல் குவியலாக வைப்பார்கள். கரண்டி கிடையாது, கையால் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். அலுவலக விருந்துகளில் முள்கரண்டியோடு மல்லாடுகிற நமக்கு இதுவே பெரிய நிம்மதி. மெனுவில் ‘வெஜ்ஜி கோம்போ’ என்று போட்டிருக்கும். சாதாரண நாட்களில் மசாலா வெண்ணெய் சேர்ப்பதுண்டு. பாலும் வேண்டாம் என்றால் நோன்புச் சமையல் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

சீன பௌத்தர்களில் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். ஏறக்குறைய நம் அமாவாசை, பௌர்ணமிதான். அவர்களுடைய சைவ உணவகங்களில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத இடங்கள் உண்டு. மெனுவில் ‘வாத்து’, ‘கோழி’ என்று கண்டு எழுந்து ஓடிவிடாதீர்கள். எல்லாம் கோதுமைப் புரதமும் சோயாவும்தான். எனக்கு அந்தப் பொய் வாத்தைவிட அதே கடையின் காளான் பிடிக்கும். பார்க்டேல் பக்கம் போனால் திபெத்தியர்களின் உருளைக்கிழங்கு மொமோ.

விரதக் கணக்கில் வராவிட்டாலும் டிரினிடாட்காரர்களின் ‘டபிள்ஸ்’ஸை விடமுடியாது. 1845 முதல் கல்கத்தாவிலும் மெட்ராஸிலும் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்கள் அங்கே உருவாக்கிய பலகாரம். பொரித்த இரண்டு ‘பாரா’ ரொட்டிகளும் நடுவே கொண்டைக்கடலைக் கறியும். உறைப்பு எவ்வளவு என்று கேட்பார்கள். ‘ஸ்லைட்’ என்று சொல்லுங்கள், வீரம் வேண்டாம்.

தாய்லாந்து, வியட்நாம் கடைகளில் மட்டும் கவனம். மரக்கறி என்று வருவதிலும் மீன் சாறு இருக்கலாம், தாய் கறிக்கூழில் இறால் விழுது இருக்கலாம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

இணையத்தில் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். பழைய பிளாசாவில் சலவைக்கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே, வாடகை குறைந்த மூலையில்தான் நல்ல சமையல் குடியிருக்கிறது. வாசலில் மாநகராட்சியின் சுகாதாரச் சோதனைப் பச்சை அட்டை தொங்குகிறதா என்று பாருங்கள், அது போதும்.

வருகிற வெள்ளிக்கிழமையே டான்ஃபோர்த்துக்குப் போய் வாருங்கள். தனியாகப் போகாதீர்கள், அந்தத் தட்டு இரண்டு பேருக்கானது.