சந்தன லோஷனில் சந்தனம் எங்கே?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் காட்டில் இருக்கும் இளையரசனேந்தல் எனது ஊர். எங்கள் பக்கத்தில் சந்தன மரம் கிடையாது. சந்தனம் புழங்காத வீடும் கிடையாது. கல்யாண வாசலில் சந்தனக் கிண்ணம், கோடையில் வியர்க்குருவுக்கு அரைத்த சந்தனம். உடம்பில் சொறி சிரங்கு என்றால் மட்டும் சங்கரன்கோவில் புற்றுமண். இவ்வளவு பழகிய பொருளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு லோஷன் பாட்டில்தான் என்னை எழுத வைத்தது.

என் தாயார் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிறார். குச்சியையும் அட்டையையும் ஓயாமல் தொட்டு அவர் விரல் நுனிகள் வறண்டு வெடித்திருக்கும். சென்ற தை மாதம் உதவித்தொகை கைக்கு வந்ததும், மேலே சந்தனக் கட்டையின் படம் போட்ட லோஷன் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். "கல்யாண வீடு மாதிரில்ல மணக்கு!" என்று மகிழ்ந்தார். நான்காம் நாள் பார்த்தால் விரல்கள் சிவந்திருந்தன. முதல் நாளிலிருந்தே எரிச்சல் இருந்திருக்கிறது. மகன் காசு போட்டு வாங்கியது என்பதால் சொல்லவில்லை. "எனக்குச் சேரலைய்யா" என்றார். பாட்டில் மாடத்துக்குப் போயிற்று.

அதை எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பொடி எழுத்துகளைப் படித்தேன். நீர், கனிம எண்ணெய், ஸ்டியரிக் அமிலம், கிளிசரின், கெடாமல் காக்கும் பொருள்கள், கடைசியில் 'பெர்ஃப்யூம்' என்று ஒரு சொல். சந்தனத்தின் பெயரே இல்லை! 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, ஒரு விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும். ஆகவே அந்த வரிசை பொய் சொல்லாது. படம்தான் ஆசை காட்டுகிறது. உண்மையில் சந்தன எண்ணெய் சேர்ந்திருந்தால் 'சாண்டலம் ஆல்பம்' என்ற தாவரப் பெயரைக் காணலாம்.

ஏன் சேர்ப்பதில்லை என்பதற்கு மரத்திடம்தான் போக வேண்டும். சந்தன மரம் ஒரு பகுதி ஒட்டுண்ணி. பச்சை இலை உண்டு, உணவைத் தானே சமைக்கும். ஆயினும் பக்கத்துச் செடியின் வேரில் தன் உறிஞ்சு உறுப்புகளைப் பொருத்தி நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்ளும். இதனால் சந்தனக் கன்று நடுவோர் அதனருகே துவரை விதைக்கின்றனர். எங்கள் கரிசலில் விளையும் அதே துவரைதான்! இலையில் சந்தன மணம் இல்லை. வெளிப்புற வெள்ளைக் கட்டையிலும் இல்லை. வைரம் பாய்ந்த உட்கட்டையிலும் வேரிலுமே எண்ணெய் சேர்கிறது. வைரம் பாயத் தொடங்கவே பத்தாண்டளவு ஆகும். நல்ல எண்ணெய்க்கு முப்பது ஆண்டாவது காத்திருக்க வேண்டும். வேரும் விலை போவதால் மரத்தை வெட்டுவதில்லை, வேரோடு பெயர்த்தெடுக்கின்றனர். பிறகு கட்டையைத் தூளாக்கி, நாள்கணக்கில் நீராவியில் வடிக்க வேண்டும். நூறு கிலோ வைரக்கட்டைக்குச் சில கிலோ எண்ணெயே கிடைக்கும்.

இத்தகைய மரத்தை அரசுகள் சும்மா விடுமா? மைசூரில் திப்பு சுல்தான் 1792இல் அதை அரசுடைமையாக்கினார். முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவுக்குக் கட்டை அனுப்ப முடியாமல் போகவே, 1916இல் மைசூர் அரசே எண்ணெய் வடிக்கும் ஆலை தொடங்கியது. தமிழ்நாட்டில் 2002ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வரும்வரை, பட்டா நிலத்தில் தானே முளைத்த சந்தன மரமும் அரசுக்குத்தான் சொந்தம். இப்போது நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு. வெட்டுவதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும்.

எண்ணெயின் பெரும்பகுதி ஆல்ஃபா, பீட்டா சாண்டலால் என்னும் இரு ஆல்கஹால்கள். மூலக்கூறு ஒவ்வொன்றிலும் 15 கார்பன், 24 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் அணு. மூலக்கூறு எடை சுமார் 220. கொதிநிலை 300 பாகை செல்சியஸை ஒட்டியது. எனவே தோலிலிருந்து மெல்லத்தான் ஆவியாகும். காலையில் பூசிய சந்தனம் மாலைவரை மணப்பதன் இரகசியம் இதுவே. மணத்தில் பீட்டாவுக்கே பங்கு அதிகம். அணுக்கள் அதே எண்ணிக்கைதான், அமைப்பு மட்டுமே வேறு! வகுப்பில் மாற்றியம் பற்றிப் படித்தபோது ஏறாதது இங்கே மூக்கு வழியாக ஏறிற்று.

மலிவான மணத்துக்கு வேறு வழி உண்டு. டர்பன்டைனிலிருந்து கிடைக்கும் கேம்ஃபீனை மூலப்பொருளாகக் கொண்டு, சந்தனம் போல மணக்கும் ஐசோபோர்னைல் சைக்ளோஹெக்சனால் செய்கின்றனர். 'பெர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தகைய பல பொருள்கள் அடங்கும். செயற்கை என்பதாலேயே தீயது என நான் சொல்லவரவில்லை; இயற்கைச் சந்தன எண்ணெயும் சிலருக்கு ஒவ்வாமை தரும். வெடித்த தோலுக்கு எந்த வாசனையும் கூடுதல் சோதனைதான்.

என் பாட்டி இதை வேதியியல் படிக்காமலே பிரித்து வைத்திருந்தார் என்பது பிறகுதான் உறைத்தது. வியர்க்குருவுக்குச் சந்தனம், குதிகால் வெடிப்புக்கு எண்ணெய். அரைத்த சந்தனம் நீரில் மிதக்கும் நுண்ணிய மரத்தூள். நீர் ஆவியாகும்போது குளிர்ச்சி தரும், தூள் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்த தோலுக்கு நல்லது, வறண்ட தோலுக்கு ஆகாது. லோஷன் அப்படியன்று. அது பால் போல, எண்ணெய்த் துளிகள் நீரில் பரவி நிற்கும் பால்மம். தோலில் தடவியதும் நீர் போய்விடும். எண்ணெய்ப் படலம் நின்று உள்ஈரத்தைக் காக்கும். வேலை செய்வது அந்தப் படலமும் கிளிசரினும்தான்.

வேதியியல் பேராசிரியரின் அனுமதியோடு நானே ஒன்று செய்து பார்த்தேன். தேங்காய் எண்ணெயும் ஸ்டியரிக் அமிலமும் ஒரு பீக்கரில். காய்ச்சி வடித்த நீர், கிளிசரின், சில துளி ட்ரைஎத்தனாலமின் இன்னொன்றில். முதல்முறை எண்ணெயை மட்டும் சூடாக்கி, ஆறிய நீரை ஊற்றினேன். மெழுகு கட்டிகட்டியாகத் திரண்டது. இரண்டையும் 70 பாகைக்குக் கொண்டுவந்து, ஆறும்வரை கலக்க வேண்டுமாம். அப்படிச் செய்ததும் வெண்மையாகத் திரண்டு வந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி தேர்வில் வென்றபோதும் உண்டானதில்லை. வாசனை சேர்க்கவில்லை. கெடாமல் காக்கும் பொருளும் இல்லாததால் ஒரு வாரத்துக்கு மட்டும் செய்தேன். முன்கையின் உட்புறத்தில் இரண்டு நாள் தடவிப் பார்த்த பின்னரே ஊருக்கு எடுத்துப் போனேன்.

தாயார் மோந்து பார்த்தார். "என்னய்யா, மணமே இல்லையே" என்றார். பாட்டியின் சந்தனக்கல்லும் விரல் நீளக் கட்டை ஒன்றும் வீட்டில் இருந்தன. விரல்களுக்கு என் பால்மம், கழுத்துக்கும் நெற்றிக்கும் அரைத்த சந்தனம் என்று முடிவாயிற்று. வாரம் தவறாமல் செய்து கொடுத்தேன். பங்குனிக்குள் வெடிப்புகள் மூடிக்கொண்டன, வலது கட்டைவிரலைத் தவிர. தீப்பெட்டியை அழுத்தி மூடும் விரல் அது.