மடிக்கணினி மட்டும் போதுமா?

நம் அறவாரியத்தின் கல்வி நிதிக்கு வாரி வழங்கிய உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பல்கலைக்கழகப் பாடங்கள் இயங்கலைக்கு மாறின. இணையத் தொடர்பு கிடைக்காத சபா மாணவி ஒருவர் மரத்தில் ஏறித் தேர்வெழுதிய செய்தியை நாடே பேசியது. நாமும் மனமிளகி, வசதி குறைந்த மாணவர்களுக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தோம். முன்மொழிந்தவன் நான்தான்.

அடுத்த ஆண்டு, கூலாய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாயார் வந்தார். மகன் இரண்டு பாடங்களில் தோல்வி. "சார், காலையில இருந்து கம்ப்யூட்டர் முன்னுக்குத்தான் உக்காந்து இருக்கான்" என்றார். நான் பையனை அழைத்துச் சோம்பேறி என்று கடிந்துகொண்டேன். இத்தனை ஆண்டு ஆசிரியராக இருந்தவன் சொல்லக்கூடிய சொல்லா அது?

பிறகுதான் அவன் வாய் திறந்தான். விரிவுரையில் நுழைந்ததும் கேமராவை அணைத்துவிடுவானாம். பதிவுதான் இருக்கிறதே, இரவில் பார்க்கலாம் என்று படுத்துவிடுவானாம். வார இறுதியில் பத்து விரிவுரைகள் சேர்ந்துவிடும். அந்த மலையைப் பார்த்ததும் கைப்பேசியை எடுத்துக்கொள்வான்.

பள்ளியில் மணி அடிக்கும், பிள்ளைகள் எழுவார்கள். அதைப் படிப்பார்வம் என்று நாங்கள் நம்பினோம். வீட்டில் மணி இல்லை.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பேரி ஸிம்மர்மேன், தன்னை நெறிப்படுத்திக் கற்பதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: முன்கூட்டித் திட்டமிடல், செய்யும்போதே தன்னைக் கவனித்தல், முடிந்தபின் எண்ணிப்பார்த்தல். பையனிடம் ஒரு நாற்பது காசு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். "நாளைக்குப் படிப்பேன்" என்று எழுதினான், அடித்துவிட்டேன். "எட்டு மணிக்குக் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மூன்றாம் விரிவுரையில் 20 நிமிடம் பார்ப்பேன். பிறகு மூடிவிட்டு, நினைவில் நின்றதை எழுதுவேன்" என்று எழுதச் சொன்னேன். ஞாயிறு மாலை தொலைபேசியில் கேட்பேன். முதல் வாரம் ஏழில் இரண்டு நாள்தான் செய்திருந்தான். திட்டவில்லை, எந்த இரண்டு நாள், ஏன் அன்று முடிந்தது என்று கேட்டேன்.

'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்கு, பிறர் ஊக்குவிப்பதைவிடத் தானே செய்து முடித்த அனுபவமே வலுவான ஊற்று என்று ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் எழுதினார். ஆண்டுதோறும் மேடையில் நான் ஆற்றிய ஊக்க உரைகளை நினைத்துக்கொண்டேன்! பையனுக்கு ஆர்வம் முதலில் வரவில்லை. நான்காவது வாரம் ஒரு கணக்கு தானாக விளங்கிய பிறகுதான் வந்தது. மறுதேர்வில் ஒரு பாடத்தில் தேறினான். மற்றொன்றை மறுபருவத்தில் எடுத்தான்.

வளாகங்கள் திறந்துவிட்டாலும் இயங்கலைப் பாடங்கள் மறையவில்லை. எனவே இவ்வாண்டு செயற்குழுவில் ஒன்றை முன்மொழிகிறேன்: மடிக்கணினி பெறும் ஒவ்வொரு மாணவருக்கும், ஞாயிறு மாலை பத்து நிமிடம் பேச ஓர் அன்பர். விருப்பமுள்ளோர் ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பொறியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கும் தெரியாது.